ஆன்டிக்: ஒரு சொல்லின் முன்னும் பின்னும்

சில ஆண்டுகளுக்கு முன், பழம்பொருள் வாங்கி விற்கும் வணிகர் ஒருவர் நம் அன்னையார் வாழ்ந்த ஊருக்கு வந்திருந்தார். ஓட்டு வீடுகளை இடித்துக் கட்டுவோரிடமிருந்து தூண்களையும் கதவுகளையும் வாங்கிச் செல்பவர் அவர். அடுத்த வீட்டு வாசற்கதவை விலைபேச வந்தவரின் பார்வை, நம் வீட்டுத் திண்ணையில் கழுவிக் கவிழ்த்திருந்த பித்தளைப் படியின்மீது விழுந்தது. "அம்மா, இது ஆன்டிக்கு. நல்ல விலை தரேன்" என்றார். அன்னையார் விலையைக் கேட்கவில்லை. நம் பக்கம் திரும்பி, "ஆன்டிக்குன்னா என்னப்பா?" என்றார். "பழைய பொருள்மா" என்றோம். "காலையில இதுலதானே அரிசி அளந்தேன்? இது எப்படிப் பழசாகும்?" என்று கேட்டுவிட்டுப் படியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தமிழில் முதுகலை பயின்று, வகுப்பறையில் சொற்பொருள் உரைத்தே ஊதியம் பெறும் நமக்கு, அந்த வினாவின் முன் வாயடைத்துப் போயிற்று. பழைய பொருளெல்லாம் ஆன்டிக் ஆகிவிடுமா? ஆகாது. அதே படியைக் காயலான் கடையில் போட்டால் எடைக்கு எடைதான் காசு. அதே வேளையில், நகைக்கடை விளம்பரங்களில் 'ஆன்டிக் நகைகள்' என்று கொட்டை எழுத்தில் வருகின்றவை சென்ற மாதம் பட்டறையில் செய்து, பளபளப்பைக் குறைத்து, பழமைச் சாயல் ஏற்றப்பட்டவை. பாட்டி காலத்துப் படிக்கும் ஒரு மாதத்து அட்டிகைக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்துகிறது? இந்த ஐயமே நம்மை அச்சொல்லின் பின்னே நடக்கச் செய்தது.

நடந்து சேரும் இடம் உரோமாபுரி. இலத்தீனில் 'ஆன்டே' என்றால் 'முன்'. அதிலிருந்து கிளைத்தது 'ஆன்டிக்குவுஸ்' என்னும் பெயரடை. 'முன்' என்னும் நம் சொல்லைப் போலவே 'ஆன்டே'யும் இரட்டைப் பொருள் உடையது. இடத்தைக் குறிக்கையில் கண்ணெதிரே நிற்பது. காலத்தைக் குறிக்கையில் கடந்து போனது. முன்றில் வீட்டுக்கு எதிரே இருக்கிறது. முன்னோர் நமக்கு முந்திச் சென்றுவிட்டனர். இறந்த காலத்தை எதிரே நிறுத்திப் பார்க்கும் இந்த வழக்கம் இரு மொழிகளுக்கும் பொதுவாக அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இலத்தீன் மொழியார் பழமையை ஒரே சொல்லால் சுட்டவில்லை. நெடுங்காலம் இருந்து தேய்ந்ததற்கு 'வேத்துஸ்' என்றொரு சொல் உண்டு. முற்காலத்துக்கு உரியது, அதனாலேயே மதிப்புக்குரியது என்னும் குறிப்பு 'ஆன்டிக்குவுஸ்' என்பதில் அடங்கியிருந்தது. நாமும் பழஞ்சோறு என்போமே தவிரத் தொல்சோறு என்று சொல்வதில்லை. தொல்குடி, தொல்புகழ், தொல்காப்பியம் என்று பெருமைக்குரிய இடங்களில்தான் 'தொல்' வந்து அமர்கிறது. ஒரு செயலை எல்லாவற்றினும் முதன்மையாகக் கருதுவதைச் சொல்லவும் இலத்தீனில் ஆன்டிக்குவுஸின் ஒப்பீட்டு வடிவம் பயன்பட்டது. 'அதைவிட ஆன்டிக்குவுஸ் எனக்கு வேறில்லை' என்றால் 'அதைவிட முக்கியமானது வேறில்லை' என்பது பொருள்.

இன்னொரு செய்தியும் சுவையானது. உரோமக் குடியரசின் மக்கள் அவையில் ஒரு புதிய சட்டம் முன்மொழியப்படும்போது அதை ஏற்காதவர் சொல்ல வேண்டிய சொல் 'ஆன்டிக்குவோ' என்பது. 'முன்பிருந்தபடியே இருக்கட்டும்' என்று பொருள். சட்டவாக்கத்தில் வாய்மொழி வாக்கு போய்ப் பலகை வாக்கு வந்தபோது, மறுப்பவரின் மெழுகுப் பலகையில் அச்சொல்லின் முதலெழுத்து பொறிக்கப்பட்டது. ஆக, பிறந்த வீட்டில் இச்சொல் விலைக்குரிய பொருளுக்குப் பெயராக இல்லை. காலத்தில் முந்தியது, மதிப்பில் முந்தியது, மாற்ற வேண்டாதது என்னும் கருத்துகளின் பெயராகவே வாழ்ந்தது.

அது ஒரு 'பொருள்' ஆனது, அந்த உரோமாபுரியே மண்ணுக்குள் போனபின்புதான். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் தோட்டம் கொத்தினால் சிலை கிடைத்தது. அடித்தளம் தோண்டினால் தூண் கிடைத்தது. அக்காலக் கலைஞர்க்கு முன்னோர் செய்ததே அளவுகோல். 'ஆல் ஆன்டிக்கா', அதாவது 'முன்னோர் பாணியில்', என்பது அவர்தம் பட்டறைகளில் வழங்கிய தொடர். நம் நகைக்கடைக்காரர் சொல்லும் ஆன்டிக் ஏறத்தாழ இதுதான்: காலத்தால் புதியது, பாணியால் பழையது.

பாணியிலிருந்து போலிக்கு அதிகத் தொலைவில்லை. மைக்கலாஞ்சலோ இருபது வயதை ஒட்டிய இளைஞராயிருந்தபோது உறங்கும் காமதேவனைச் சலவைக்கல்லில் வடித்தார். மண்ணில் கிடந்து எடுத்ததுபோல் அதற்குப் பழமை ஏற்றப்பட்டது. 1496ஆம் ஆண்டளவில் வணிகர் ஒருவர் அதை உரோமைக் காலத்துச் சிலையென்று சொல்லிக் கார்டினல் ரஃபாயேல் ரியாரியோவிடம் விற்றார். உண்மை தெரிந்ததும் கார்டினல் பணத்தைத் திரும்பப் பெற்றார். ஆனால் முன்னோர் கைவண்ணமென்று தம்மையே நம்பவைத்த அந்த இளைஞரை உரோமுக்கு வரவேற்றார். மைக்கலாஞ்சலோவின் உரோம வாழ்க்கைக்கு வாயில் திறந்தது ஒரு பொய்ப் பழமை! அச்சிலை இன்று இல்லை. இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் சேகரிப்பை அடைந்து, 1698இல் வைட்ஹால் அரண்மனைத் தீயில் அழிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

அதே காலத்தில் இன்னொரு கண்டுபிடிப்பும் நிகழ்ந்தது. கி.பி. 64இல் உரோம் எரிந்தபின் நீரோ மன்னன் கட்டிய பொன் மாளிகை, பிற்காலத்தவர் கொட்டிய மண்ணால் மூடுண்டு கிடந்தது. 1480ஆம் ஆண்டளவில் அதன் கூரைப் பகுதிக்கு வழி திறந்தது. ஓவியர்கள் கயிறு கட்டி இறங்கி, தீவட்டி வெளிச்சத்தில் சுவரோவியங்களைப் பார்த்தனர். பாதி மனிதன் பாதி கொடி, பறவை உடலில் மனிதத் தலை, தண்டின் நுனியில் அமர்ந்த விலங்கு என விந்தை உருவங்கள் அங்கே நிறைந்திருந்தன. குகையில் கண்டவை என்பதால் இவற்றுக்கு 'குரொட்டெஸ்கே' என்று பெயர் வந்தது. ஆங்கிலத்தின் 'குரொட்டெஸ்க்' இதன் வழிவந்தது. முன்னோர் வரைந்தவை என்பதால் 'ஆன்டிக்கோ' என்ற பெயரும் இவ்வுருவங்களோடு ஒட்டிக்கொண்டது.

இவ்விரண்டாம் பெயர் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் நுழைந்து 'ஆன்டிக்' ஆயிற்று. பொருளோ விந்தை உருவம், பிறகு கோமாளி, பிறகு கோமாளித்தனம். ஹாம்லெட் தான் பித்தன்போல் நடிக்கப்போவதை நண்பர்க்குச் சொல்லுமிடத்தில் ஷேக்ஸ்பியர் ஆள்வது இச்சொல்லைத்தான். ஏறத்தாழ அதே காலத்தில் பிரெஞ்சு வழியாக வந்த உடன்பிறப்புச் சொல், முற்காலத்தது என்னும் பொருளைக் காத்துக்கொண்டது. தொடக்கத்தில் இரண்டையும் ஆங்கிலேயர் 'ஆன்டிக்' என்று முதலசையை அழுத்தியே ஒலித்தனர்; எழுத்திலும் ஒன்றுக்கொன்று மாறி வந்தன. 1700ஆம் ஆண்டை ஒட்டித்தான் பழம்பொருளைக் குறிக்கும் சொல், பிரெஞ்சு எழுத்தையும் ஒலியையும் மேற்கொண்டு, 'ஆன்டீக்' என்று நீண்டு ஒலிக்கலாயிற்று. கல்லூரியில் ஆங்கிலத்துறை நண்பர்கள் நம் ஒலிப்பைத் திருத்த வரும்போதெல்லாம், ஷேக்ஸ்பியர் காலத்து ஒலிப்பு அதுவே என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம்.

இங்கிலாந்தில் இச்சொல் வேரூன்றிய காலத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். எட்டாம் ஹென்றி மன்னர் 1536 முதல் 1540 வரை நாட்டின் துறவி மடங்களைக் கலைத்தார். பல நூற்றாண்டுகளாய் அங்கே காக்கப்பட்ட ஏடுகள் சிதறின. அவற்றின் தாள்கள் விளக்குத்தண்டு துலக்கவும் காலணி துடைக்கவும் பயன்பட்டதையும், மளிகைக்காரர்க்கும் சவர்க்காரம் விற்போர்க்கும் விலையானதையும், கப்பல் கப்பலாய்க் கடல் கடந்ததையும் ஜான் பேல் என்பார் 1549இல் வருந்தி எழுதினார். சுவடிகள் ஆற்றிலும் அடுப்பிலும் போன கதையை உ.வே.சா. வாயிலாக அறிந்த நமக்கு இது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றுவதில்லை.

அம்மடங்களின் நூலகங்களைத் தேடி அலைந்து, எங்கெங்கே என்னென்ன ஏடுகள் உள்ளன என்று குறித்தவர் ஜான் லேலண்ட். தம்மை 'ஆன்டிக்குவாரியுஸ்' என்று அழைத்துக்கொண்டார். தொன்மை தேடுவோன் என்று கொள்ளலாம். நாடெங்கும் சுற்றிக் குவித்த குறிப்புகளை நூலாக்கும் முன்பே, 1547இல் அவர் மனநலம் குன்றிற்று, 1552இல் மறைந்தார். அவர் குறிப்புகளே பின்வந்த ஆங்கில வரலாற்றறிஞர்க்கு ஊற்றாயின. பழையது அழிகின்ற வேளையில்தான் பழையதைக் குறிக்கும் சொல்லுக்குத் தேவை எழுகிறது என்பதற்கு லேலண்டின் வாழ்க்கையே சான்று. அரை நூற்றாண்டுக்குப் பின் பிரான்சிஸ் பேகன் 1605இல் எழுதிய நூலில், தொன்மைச் சின்னங்களைக் காலத்தின் கப்பற்சேதத்தில் தற்செயலாய்த் தப்பியவையென்று உருவகித்தார்.

லேலண்டின் வழிவந்தோர் 1707இல் இலண்டன் விடுதியொன்றில் கூடித் தொடங்கிய தொன்மையாளர் கழகம் 1751இல் அரசப் பட்டயம் பெற்று இன்றும் இயங்குகிறது. இவர்களை உலகம் போற்றவும் செய்தது, நகைக்கவும் செய்தது. வால்டர் ஸ்காட் 1816இல் வெளியிட்ட 'தி ஆன்டிக்குவரி' நாவலின் பெரியவர், தம் நிலத்தில் உள்ள பள்ளமொன்று உரோமப் படையின் பாசறையென்று விரிவுரை நிகழ்த்துகிறார். அதைக் கேட்டு நிற்கும் முதிய இரவலர், அது வெட்டப்பட்டதை இருபது ஆண்டுகளுக்கு முன் தாம் நேரில் கண்டதாகச் சொல்லிவிடுகிறார். ஸ்காட் அந்நாவலில் எள்ளுவது தம்மையுந்தான், அவரே பெருஞ்சேகரிப்பாளர்.

18ஆம் நூற்றாண்டு வரை கலையுலகில் அச்சொல் பெரும்பாலும் கிரேக்க, உரோமைச் சிற்பங்களையே சுட்டிற்று. ஓவியப் பள்ளிகளில் மாணவர் முதலில் அவற்றின் சுதை வார்ப்புகளைப் பார்த்தே வரைந்து பழகினர். 19ஆம் நூற்றாண்டில் பொறிகள் நாற்காலியையும் கிண்ணத்தையும் ஆயிரக்கணக்கில் உமிழத் தொடங்கியபோது, கையால் செய்த பழைய நாற்காலிக்குத் தனி மதிப்பு பிறந்தது. சொல் கோயில் தூணிலிருந்து இறங்கி வீட்டுக் கூடத்துக்கு வந்தது. விலைக்குரிய பழம்பொருள் என்னும் இன்றைய பொருள் நிலைபெற்றது இவ்வாறே.

அச்சந்தைக்கு இலண்டனில் புகழ்பெற்ற இடம் வார்டர் தெரு. பழைய மரச்சாமான்களுக்கும் போலிப் பழமைக்கும் அது ஒருங்கே பேர்போனது. வில்லியம் மோரிஸ் ஹோமரின் ஒடிசியை வழக்கொழிந்த சொற்களைப் பெய்து மொழிபெயர்த்தபோது, 1888இல் ஆர்ச்சிபால்ட் பாலன்டைன் என்னும் திறனாய்வாளர் அந்நடைக்கு 'வார்டர் தெரு ஆங்கிலம்' என்று பெயர் சூட்டினார். உண்மையான பழமை அன்று, அண்மையில் செய்து பழமைச் சாயம் பூசியது என்பது குற்றச்சாட்டு. இன்றும் ஆங்கிலத்தில் இத்தொடர் வழங்குகிறது. இதைப் படித்த நாள்முதல், 'யாம்', 'ஈண்டு', 'மற்று' என்று எழுதக் கை போகும்போதெல்லாம் வார்டர் தெரு நினைவுக்கு வந்து நம்மைத் தடுக்கிறது. இதே மோரிஸ் 1877இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கமொன்றை நிறுவியவர். புதுப்பித்தல் என்ற பெயரில் பழைய தேவாலயச் சுவர்களைச் சுரண்டிப் பழமைக்கோலம் புனைவதை எதிர்ப்பதே அதன் நோக்கம். கல்லில் போலிப் பழமையை வெறுத்தவர் சொல்லில் அதைச் செய்தாரென்று உலகம் சொல்லிற்று. மனித இயல்பின் விந்தை!

சந்தை வந்தபின் சுங்கம் வராமலிருக்குமா? எது ஆன்டிக் என்று துல்லியமாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் அரசுகளுக்கு நேர்ந்தது. அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், 1830க்கு முன் செய்யப்பட்ட பழங்கலைப் பொருள்களுக்குத் தீர்வை விலக்களித்தது. பின்னர் அந்நிலையான ஆண்டு போய், இறக்குமதியாகும் காலத்துக்கு நூறாண்டு முந்தியிருக்க வேண்டும் என்ற அளவு வந்தது. உலகெங்கும் வணிகர் நாவில் வழங்கும் நூறாண்டுக் கணக்கு இதனால் வலுப்பெற்றது. இந்தியாவின் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்தது. அதுவும் நூறாண்டையே எல்லையாகக் கொண்டது. கையெழுத்துச் சுவடிகளுக்கு மட்டும் எழுபத்தைந்தாண்டு. இக்கணக்கின்படி 1931இல் செய்த படி 2030 வரை வெறும் படி, 2031இல் தொல்பொருள். அதற்கிடையில் படிக்கு நேர்ந்தது ஒன்றுமில்லை. நாட்காட்டி மாறிற்று, அவ்வளவே.

சட்டம் காலத்தை எண்ணும். ஆனால் ஒரு பொருள் இன்னும் பயனில் இருக்கிறதா, யாரோடு உறவில் இருக்கிறது என்பதை எந்த அளவால் எண்ணுவது? இவ்வினா ஒரு முறை இலண்டன் நீதிமன்றத்துக்கே சென்றது. சென்றவர் நம் பத்தூர் நடராசர்.

1976இல், அந்நாளைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், கொட்டகை போட மண் தோண்டிய உழைப்பாளி ஒருவர்க்குச் செப்புத்திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றான நடராசர் கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தார். 1982இல் கனடா நாட்டு நிறுவனமொன்று அவரை விலைகொடுத்து வாங்கிற்று. செப்பனிடுவதற்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்ட இடத்தில் இலண்டன் காவல்துறை கைப்பற்றியது. வாங்கியவர் பார்வையில் அது விலைகொடுத்துப் பெற்ற ஆன்டிக். எதிர்த்தரப்பில் இந்திய அரசும் தமிழக அரசும் நின்றதோடு, 12ஆம் நூற்றாண்டில் எழுந்து சிதைந்துகிடந்த அந்தச் சிவன் கோயிலும், அங்கிருந்த சிவலிங்கமும் உரிமை கோரும் தரப்புகளாக நின்றன. கோயிலைக் கட்டுவித்தவரின் சமய நோக்கம் அந்த இலிங்கத்தில் இன்றும் உருக்கொண்டு நிற்கிறது என்று 1988இல் விசாரணை நீதிபதி ஏற்றார். கோயில் ஒரு தரப்பாக நின்று வழக்காடலாம், நடராசர் அதற்கே உரியவர் என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. அவ்வாண்டே நடராசர் தமிழகம் திரும்பினார்.

அத்தீர்ப்பைப் படிக்கையில் நமக்குத் திண்ணையில் நின்ற அன்னையாரின் வினாவே மீண்டும் கேட்டது. எட்டு நூற்றாண்டு பழமை அத்திருமேனிக்கு உண்டு என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. வழக்கு அதைப் பற்றியதும் அன்று. பழமையானது என்பதால் அது பிறர்க்கு விலைப்பொருளாகிவிட்டதா, பூசை நின்றுபோன பின்னும் தன் இடத்தோடு அதற்கு உறவு உண்டா என்பதே வழக்கு. உறவு உண்டு என்று நீதிமன்றம் சொல்லிற்று. ஒரு பொருள் ஆன்டிக் ஆவது வயதால் மட்டும் நிகழ்வதில்லை. அதைப் புழங்கிய கையிலிருந்தும் இருந்த இடத்திலிருந்தும் அது பிரிக்கப்பட்டு, பார்ப்பதற்கும் விற்பதற்கும் உரியதாக்கப்படும்போதே அப்பெயர் முழுமையாக ஒட்டுகிறது. நாம் புரிந்துகொண்ட அளவில் இச்சொல்லின் வரலாறு உணர்த்துவது இதுதான்.

தமிழில் தொல்பொருள், பழம்பொருள், அரும்பொருள் என்று இதற்கு நிகர்ச்சொற்கள் உண்டு. ஆயினும் வள்ளுவர் 81ஆம் அதிகாரத்துக்கு இட்ட தலைப்பை நாம் மறத்தலாகாது. அங்கே 'பழைமை' என்பது நெடுநாள் பழகியதனால் பிறக்கும் உரிமை. பழையது என்னும் சொல்லும் பழகியது என்னும் சொல்லும் அருகருகே வாழும் மொழி நம்முடையது. வணிகர் கண்டது ஆன்டிக். அன்னையார் கையில் இருந்தது பழைமை.

அன்னையார் மறைந்தபின் அந்தப் படி நம் நகரத்து இல்லத்துக்கு வந்தது. இங்கே அரிசி பையில் வருகிறது. அளப்பதற்கு மின்சாரக் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் குவளை இருக்கிறது. படியைப் புளியிட்டுத் துலக்கிக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தோம். இரு மாதங்களுக்கு முன் வந்த நண்பர் அதைப் பார்த்து, "ஆன்டிக்கா?" என்றார். நம்மையறியாமல் "ஆமாம்" என்றோம். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த வணிகர் செய்ய முடியாமல் திரும்பியதை ஒரு காசும் வாங்காமல் நாமே செய்து முடித்திருக்கிறோம்.

படி இப்போது அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு அதில் கால் பங்கு அளந்தாலே போதுமாயிருக்கிறது.